காசுப் பெட்டியிலிருந்து வீட்டுத் திரைக்கு

1990-ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லாதிருந்தமை நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையிற் சேர்ந்தன. வல்வெட்டித்துறையிலும் அயலூர்களிலும் செய்தி கேட்க விரும்பியோர் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தினர். ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, சில்லோடு உரசிய டைனமோ மின்சாரம் தந்தது, வானொலி பேசிற்று. கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி ஏற்பது நேரோட்டம். இடையே இருவாயிகளைப் பொருத்தி மின்னோட்டத்தை ஒருவழிப்படுத்தவேண்டும். தருவதும் ஏற்பதும் தம்முள் இசையவேண்டும் என்ற பாடத்தை அந்நாட் சிறுவர் பள்ளிக்கூடத்துக்கு வெளியிலேயே கற்றுக்கொண்டனர்.

அதே பாடம் இன்று வேறு நாடுகளில் ஒரு விளையாட்டுப் பொருளைக் காப்பதற்கு உதவுகின்றது. களியாட்ட நிலையங்களிற் காசு போட்டு ஆடப்பட்ட பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டியே அப்பொருள். 1972-இல் அமெரிக்க அற்றாரி நிறுவனத்துக்காக அலன் அல்கோர்ன் என்பவர் ‘பொங்’ என்னும் ஆட்டத்தை அமைத்தார். அதன் முதல் மாதிரிக்குத் திரையாயிருந்தது கடையில் வாங்கிய சாதாரண வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி. கலிபோர்னியாவில் ஒரு மதுச்சாலையில் வைக்கப்பட்ட அது சின்னாளில் நின்றுபோயிற்று. பழுது பார்க்கச் சென்றவர் கண்டதோ, காசு நிரம்பி வழிந்த பாத்திரத்தை! 1978-இல் யப்பானின் தைத்தோ நிறுவனம் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டபின் இத்தகைய பெட்டிகள் உலகெங்கும் பரவின.

பெட்டி ஆளுயரமாயினும் அதன் உயிர் உள்ளேயுள்ள ஒரு மின்சுற்றுப் பலகையிற்றான் இருக்கின்றது. முற்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போனபடி கம்பிகளை இணைத்தது. 1985-இல் யப்பானியத் தயாரிப்பாளர் சங்கம் ‘ஜம்மா’ எனும் பொது ஒழுங்கை வகுத்தது. பலகையின் விளிம்பில் பக்கத்துக்கு 28 ஆக 56 தொடுமுனைகள். எம்முனையில் எது வரும் என்பது நிச்சயம். பெட்டியை வைத்துக்கொண்டு பலகையை மட்டும் மாற்றலாம் என்பது வியாபாரிகளின் சிக்கனம். பிற்காலத்திற் பலகையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர விரும்பியவர்க்கு அதுவே பெரும்பேறாயிற்று.

வீட்டில் முதலில் வேண்டுவது 5 வோல்ற்று, 12 வோல்ற்று நேரோட்டம் தரும் வழங்கி. அடுத்தது படம். பலகை சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சைகைகளைத் தனித்தனியே அனுப்பும். அவை வீட்டுத் தொலைக்காட்சி தாங்கும் அளவினும் வலியவை. தடையிகளால் அவற்றைத் தணிக்கவேண்டும். மூன்றையும் ஒரே கம்பியில் ஏற்கும் தொலைக்காட்சியாயின், அவற்றை ஒன்றாக்கும் கருவியும் வேண்டும். ஒலி ஏற்கெனவே பெருக்கப்பட்டு வருவது. அதனையும் அடக்கியே விடவேண்டும். பழைய பெட்டியின் படக்குழாயிலோ ஆளியை மூடியபின்னும் பல்லாயிரம் வோல்ற்று தங்கியிருக்கக் கூடும். பயிற்சியில்லாதார் கை அங்கே நுழையலாகாது.

காசின் கதைதான் வேடிக்கையானது. பலகையைப் பொறுத்தவரை காசு என்பது ஓர் ஆளி கணநேரம் மூடித் திறப்பதே. வீட்டில் அந்த இடத்தில் ஒரு பொத்தானை வைத்துவிடுகிறார்கள். அழுத்த அழுத்தக் காசு! கையிலுள்ள கடைசிக் காசும் போய்விடுமே என்ற நடுக்கம் நீங்கியபின் ஆட்டத்தின் சுவையிற் பாதியும் நீங்கிவிடுகின்றது என்பார் உளர். அது முழுதும் பொய்யன்று.

ஆனால் எல்லாப் பலகைகளும் இத்துணை எளிதில் இசைவதில்லை. 1993-இல் கப்கொம் நிறுவனம் கொண்டுவந்த பலகை வரிசையொன்று, களவுப் படிகளைத் தடுப்பதற்காக ஆட்டத்தை மறைகுறியில் எழுதி வைத்திருந்தது. அதனைத் திறக்கும் சாவி ஒரு சிறு பற்றரியின் வலுவாற் காக்கப்பட்டது. பற்றரி தீர்ந்தால் சாவி அழியும். பழுதொன்றுமில்லாத பலகை வெறும் திரையைக் காட்டி நிற்கும். காசு கொடுத்து வாங்கியவனின் பொருளுக்கு விற்றவன் வைத்த நாட்குறிப்பு இது! 2007-இல் ஆர்வலர் அம்மறைகுறியின் முறையைக் கண்டுபிடித்தனர். 2016-இல், அழிந்த சாவியைப் பலகைக்குள் மீண்டும் எழுதும் வழியும் வெளியாயிற்று. புதிய பற்றரியைப் பொருத்திச் சாவியை எழுதியதும், மாண்டதென ஒதுக்கப்பட்ட பலகைகள் மறுபடியும் காசு கேட்கத் தொடங்கின.