லஷீன் கால்வாய்க் கரையில் பாட்டு

இன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரத்துக்குப் போவோம். பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஊர், ஜூன் மாதத்தில் மொத்தமாக வெளியே வந்துவிடுகிறது. நாம் நிற்பது லஷீன் கால்வாய்க் கரை.

செயின்ட் லாரன்ஸ் ஆறு இங்கே பாறைகளுக்கு நடுவே சீறிப் பாய்வதால் கப்பல்கள் தாண்ட முடியாது. அந்த இடத்தைச் சுற்றிப் போகத்தான் 1825இல் இந்தக் கால்வாயைத் திறந்தார்கள். மண்ணை வெட்டியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1843இல் கால்வாயை அகலப்படுத்தியபோது, கூலியைக் குறைத்ததற்காகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். பின்னாளில் கரை நெடுக சர்க்கரை ஆலையும் மாவு மில்லும் இரும்புப் பட்டறைகளும் வந்தன. 1970இல் கப்பல் போக்குவரத்து நின்றுபோனது.

அப்படி உழைத்துக் களைத்த கரையில் 2008 முதல் நாட்டார் இசை விழா நடக்கிறது. ஜனங்கள் புல்தரையில் துணி விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கிட்டாரும் பாஞ்சோவும் பிடிலும் கேட்கின்றன. கியூபெக் மாகாணத்துப் பிடில்காரரைக் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும், நேயர்களே! நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே இரண்டு பாதங்களாலும் தரையைத் தட்டித் தாளம் போடுகிறார். கைகள் ஒரு வேலை, கால்கள் ஒரு வேலை. பக்கத்தில் ஒருவர் இரண்டு மரக்கரண்டிகளைச் சேர்த்துத் தொடையில் தட்டுகிறார். பிரெஞ்சுக் குடியானவர்களின் பாட்டும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆட்ட மெட்டுகளும் கலந்து விளைந்த இசை இது. ஒருவர் ஓர் அடி பாட, மற்றவர்கள் அதையே வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். நம் நடவுப் பாட்டிலும் இதே முறைதானே! மொழி தெரியாதவர்களும் இரண்டாவது சுற்றில் சேர்ந்துகொள்ளலாம்.

கால்வாய்க்கு வடக்கே கொஞ்சம் நடந்தால் லிட்டில் பர்கண்டி. இந்தப் பேட்டையைப் பற்றிச் சொல்லாமல் மாண்ட்ரியலின் இசையைச் சொல்ல முடியாது. ரயிலில் பயணிகளுக்குப் படுக்கை விரித்து, பெட்டி தூக்கிய கறுப்பினத் தொழிலாளர்கள் நிலையங்களுக்கு அருகே குடியிருந்த இடம் இது. நிறத்தின் பேரால் வேறு வேலைகள் மறுக்கப்பட்ட காலம் அது. ரயிலில் வேலை பார்த்த ரூஃபஸ் ராக்ஹெட் 1928இல் இங்கே ஓர் இசை விடுதி தொடங்கினார். இன்னொரு ரயில் தொழிலாளியின் மகன்தான் 1925இல் பிறந்த ஜாஸ் பியானோ மேதை ஆஸ்கர் பீட்டர்சன். சின்ன வயதில் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தவரைக் காசநோய் பியானோவுக்குத் திருப்பியது. அவருடைய அக்கா டெய்சி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் பேர் பெற்ற பியானோக் கலைஞர் ஆலிவர் ஜோன்ஸ் அவரிடம் பயின்றவர்.

1980இல் தொடங்கிய மாண்ட்ரியல் ஜாஸ் விழா, உலகிலேயே பெரிய ஜாஸ் விழாவென்று 2004இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. புளூஸ் மன்னர் பி.பி. கிங் அங்கே வாசித்திருக்கிறார். வெளியரங்கக் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. கட்டாயம் பார்க்க வேண்டிய விழாதான். ஆனால் என் மனம் கால்வாய்க் கரைக்கே போகிறது. பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூட இங்கே காதில் விழும். பாடி முடித்தவர் இறங்கி வந்து, கூட்டத்தோடு உட்கார்ந்து அடுத்தவர் பாட்டைக் கேட்கிறார். அந்த நெருக்கம் பெரிய மேடைகளில் வாய்ப்பதில்லை. புளூஸும் நாட்டார் பாட்டும் பாடுபட்டவர்களின் குரல். அவர்கள் பாடுபட்ட மண்ணிலேயே கேட்கும்போது அதன் கனம் தெரிகிறது.

பிள்ளைகளைப் பார்க்கக் கனடா போகும் நேயர்களே, டொராண்டோவையும் நயாகராவையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். டொராண்டோவிலிருந்து மாண்ட்ரியலுக்கு ரயிலில் ஐந்து மணி நேரப் பயணம். ஜூனில் போங்கள். லியோனல் குரூ மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் கால்வாய் நடக்கிற தூரம்தான்.