வெட்டு மெசினும் அரசாங்க அறிக்கையும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மாசி மாதத்தில் நமது வட்டைகளில் வெட்டு மெசின் இறங்கினால், ஓர் ஏக்கர் வேளாண்மை ஓரிரு மணித்தியாலத்தில் நெல்லாகி மூடைக்குள் வந்துவிடுகின்றது. முன்னாளில் அதே ஏக்கரில் தாக்கத்தி பிடித்து வெட்டிய கைகள், உப்பட்டி கட்டிய கைகள், களவெட்டிக்குச் சுமந்த கைகள் எத்தனை! போடியார்மாரைக் குறை கூற நான் வரவில்லை. விளைந்த கதிர் மழையில் நனைந்து முளைவிடுவதைக் கண்ட எவரும் மெசின் வேண்டாமென்று சொல்லார். ஆனால், அந்தக் கைகள் பிறகு எங்கே போயின என்று எழுதி வைத்தவர் யார்?

புதிய பொறிகளை ஆராய்வது நமது அரசாங்கத்துக்குப் புதிதன்று. நாட்டில் கணினி அருமையாயிருந்த 1983-ஆம் ஆண்டிலேயே தேசிய கணினிக் கொள்கை பற்றிய அறிக்கை ஒன்று தயாரிக்கப்பட்டது. அதன் பயனாக 1984-இல் ‘சின்டெக்’ என்னும் சபை உருவாயிற்று. பேராசிரியர் வி. கே. சமரநாயக்க அதன் தலைவராய்ப் பணிபுரிந்தார். 2003-இல் நிறைவேறிய சட்டத்தின்படி ‘ஐ.சி.ரி.ஏ.’ அமைக்கப்பட்டது. 2024-இல் செயற்கை நுண்ணறிவு பற்றிய தேசிய உபாய வரைவு வெளிவந்து, பொதுமக்களின் கருத்தும் கேட்கப்பட்டது.

இந்தியாவிலோ கேள்வி வேலையைப் பற்றியே எழுந்தது. 1960-களில் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் கல்கத்தாவில் கணினியை நிறுவ முனைந்தபோது ஊழியர்கள் கிளர்ந்தெழுந்தனர். பின்னர் மத்திய அரசாங்கம் பொருளியலறிஞர் வி. எம். தாண்டேகர் தலைமையில் தானியங்கி முறை பற்றிய குழுவை நியமித்தது. 1972-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. கல்கத்தா எழுதுவினைஞருக்குச் சங்கம் இருந்தது. ஆகவே அரசாங்கம் ஆராய்ந்தது. நமது வட்டையிலே முதுகு வளைத்து நின்ற பெண்களுக்குச் சங்கம் ஏது?

ஒன்றை ஒளியாமல் சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவு வந்ததும், கந்தோர் உத்தியோகத்தை நம்பிப் படிக்கும் எங்களைப் போன்றோர்தாம் முதலில் கலங்குகிறோம். ஆராய்ச்சி வேண்டும், பாதுகாப்பு வேண்டும் என்கிறோம். எங்கள் அம்மாமார், மாமிமார் கூலி இழந்தபோது நாங்கள் அப்படிக் கேட்கவில்லை. மெசினுக்குப் பின்னால் ஓடி வேடிக்கை பார்த்தோம்.

ஆகையால் மன்றத்திடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பெரும்போக அறுவடைக்கு முன், வீடு வீடாகச் சென்று கேட்போம்: முன்பு வெட்டுக்குப் போனவர் யார், எத்தனை நாள் கூலி கிடைத்தது, இப்போது என்ன செய்கிறார், நெல்லாகக் கிடைத்த கூலி நின்றபின் வீட்டுக்கு அரிசி எப்படி வருகிறது? மெசின் வைத்திருப்போரிடமும் அவர்கள் பட்ட கடனைக் கேட்க வேண்டும், அவர்களும் நம்மவரே. எழுதியதைச் செங்கலடியிலுள்ள ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகத்தில் சேர்ப்போம்.

கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் கொப்பிகள் இருக்கும். தெருவுக்கு இருவர் தேவை. ஒருவராவது பெண்பிள்ளையாக இருந்தால் நல்லது. தாய்மார் அப்போதுதான் வாய் திறந்து சொல்வார்கள்.