ஆற்றின் வழியே மூன்று நாள்

விடுமுறை என்ற சொல்லைக் கேட்டவுடன் உதகை, கோடைக்கானல் என்று நம்மவர் நினைவு ஓடுகிறது. பட்டு நெய்யும் எங்கள் ஆரணியிலே அச்சொல்லுக்குப் பொருளே வேறு. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் தெருவிலே பாவை விரித்துச் சீர்செய்ய இயலாது. தாழ்ந்த வீடுகளில் தறிக்குழியில் நீர் ஊறும். தறி நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். கவலையோடு கைகட்டி உட்கார்ந்திருப்பது ஓய்வாகுமா? ஆகையால் மழை ஓய்ந்து, தறி நன்றாக ஓடும் தை மாதத்திலேயே மூன்று நாளைத் துணிந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று நெசவாள நண்பர்களிடம் சொல்லி வருகிறேன். நாள் முழுதும் மயிரிழை போன்ற பட்டிழையையே அருகிலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தொலைவைக் காட்டுவதைவிட வேறு இளைப்பாறுதல் ஏது? வழியைத் தேட வேண்டுவதில்லை. நம் ஊர் ஆறே வழி காட்டும்.

கமண்டல நாகநதி ஜவ்வாது மலையிலே பிறந்து, படவேட்டைக் கடந்து ஆரணிக்கு வருகிறது. நாம் காண்பது பெரும்பாலும் மணலைத்தான். ஆனால் அதன் பிறப்பிடத்துக்குச் சென்றால் பசுமையைக் காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளது போன்ற மழைக்காடு அன்று இது. கோடையில் இலையுதிர்த்து, மழைக்குத் தளிர்க்கும் காடு. ஓடைக் கரைகளில் மட்டும் நிழல் இருண்டு கிடக்கும். சந்தன மரத்துக்குப் பெயர் பெற்ற மலை. திருடர் கைக்குத் தப்பியவை சிலவே. ஜமுனாமரத்தூரை அடுத்துப் பீமன் அருவி விழுகிறது. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் சாமை விளைவிக்கிறார்கள். சாமைச் சோற்றை உண்டு பாராமல் மலையிறங்குவது நியாயமன்று. தொலைவைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஓரிடமும் உண்டு: காவலூர் வானாய்வகத்திலே 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி 1986 முதல் விண்மீன்களை நோக்கி நிற்கிறது.

ஆரணியைத் தாண்டிய நம் ஆறு செய்யாற்றிலே கலக்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. அவ்வூர்க் கோயிற் கல்வெட்டைப் படித்தவர்கள் வியப்பார்கள். பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவசாலை ஒன்று, வீரராசேந்திர சோழன் காலத்தில், அதாவது 11ஆம் நூற்றாண்டில், அங்கே நடந்திருக்கிறது.

அங்கிருந்து தெற்கே திரும்பினால் வேடந்தாங்கல். ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புள்ள ஓர் ஏரி, அவ்வளவுதான். மரங்கள் இடுப்பளவு நீரில் நிற்கின்றன. அவற்றின் கிளைதோறும் நத்தைக்குத்தி நாரையும், கூழைக்கடாவும், நீர்க்காகமும், அரிவாள் மூக்கனும் கூடு கட்டியிருக்கின்றன. அவை எழுப்பும் ஓசை நூறு தறி ஓடும் தெருவின் ஓசைக்குக் குறைந்ததன்று! பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை ஊர் மக்கள் கண்டுகொண்டார்கள். வெள்ளைச் சிப்பாய்கள் சுட வந்தபோது செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் லயனல் பிளேஸ் என்ற கலெக்டரிடமிருந்து உறுதிச்சீட்டே பெற்றுவிட்டார்கள். காட்டுயிர்ச் சட்டம் எதுவும் இல்லாத காலம் அது. உழவர்களின் இந்த முன்யோசனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பாலாறு கடலைச் சேருமிடம் கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூருக்கு அருகில் உள்ளது. மழை பொய்த்த ஆண்டில் கழிமுகத்தை மணல்மேடு அடைத்துக் கிடக்கும். வடக்கே சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை செங்கற் சிதைவாய் நிற்கிறது. 1782இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அக்கடலிலே கப்பற்போர் நடத்தினார்கள். எனக்கு அப்போரைவிடப் பெரிதாய்ப் படுவது வேறு. அவ்வூரும் ஒரு நெசவு ஊர். அங்கு நெய்த மெல்லிய மஸ்லின் துணி கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றது. நம் ஆற்று நீர் போய்ச் சேரும் கரையிலும் ஒரு காலத்தில் நம்மைப் போன்றவர்களே தறியில் அமர்ந்திருந்தார்கள். வணிகம் போயிற்று, தறியும் போயிற்று. கோட்டைக்குள்ளே ஒல்லாந்தரின் கல்லறைகள் அழகிய சித்திர வேலையோடு இருக்கின்றன. நெய்தவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை.

இந்தச் சோழமண்டலக் கரைக்குத் தை முதல் பங்குனி வரை ஒரு விருந்தாளி இரவிலே வருகிறது. மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். மணலைத் தோண்டி நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஆமை மூச்சு வாங்க மேலே வர வேண்டிய உயிர். இழுவலையில் சிக்கினால் மூழ்கி இறக்கும். 2025 தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையோரம் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. ஏழெட்டு வாரம் சென்று பொரியும் குஞ்சுகள் வெளிச்சமுள்ள திசையையே கடல் என்று நம்பி நடக்கும். கடற்கரையில் இரவு தங்குவோர், ஆமை வரும் பருவத்தில், கைவிளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே அலையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.