அவிஞ்ஞோன் பாலமும் ஒரு பாட்டும்



தென் பிரான்சில், அவிஞ்ஞோன் நகர மதிலையொட்டி ரோன் ஆற்றுக்குள் இறங்கும் கல்பாலம் ஒன்று, சற்றுத் தொலைவு சென்று நீர்நடுவே நின்றுவிடுகிறது. ஏறத்தாழ 900 மீட்டர் நீண்டு மறுகரையைத் தொட்ட பாலம் அது. இருபத்திரண்டு வளைவுகளுள் எஞ்சியவை நான்கே. ஆயினும் பிரெஞ்சுக் குழந்தைகள் இதனை நன்கறிவர்; இதன்மேல் ஆட்டம் நிகழ்வதாகக் கூறும் பாட்டு, எழுத்தறியுமுன்னரே அவர்கள் நாவில் ஏறிவிடுகிறது.

பாலத்தை நேரிற் கண்டவர் ஐயுறுவர். அகலம் நான்கு மீட்டர் அளவே. வட்டமிட்டு ஆட இடமேது? கீழே, ஆற்றிடைத் தீவில் நடந்த ஆட்டத்தையே பாட்டு மேலேற்றிவிட்டது என்பாரும் உளர். இருக்கட்டும், கவிதைக்கு அவ்வளவு உரிமையுண்டு.

கல் கூறும் கதை வேறு. 1177இல் பெனெசே என்னும் ஆட்டிடைச் சிறுவன் தெய்வக்குரல் கேட்டு, ஊரார் நகைக்க, பலரும் அசைக்கவியலாத பெருங்கல்லைத் தனியே தூக்கி அடிக்கல்லாக இட்டான் என்பது மரபு. அப்பாலம் 1226இல் எட்டாம் லூயி மன்னனின் முற்றுகையில் சிதைந்து, மீண்டும் எழுந்தது. 1348இல் திருத்தந்தை ஆறாம் கிளெமெண்ட், நேப்பிள்ஸ் அரசி ஜோவான்னாவிடமிருந்து 80,000 பொற்காசுக்கு நகரையே விலைக்கு வாங்கினார். அதன்பின் ஒரு கரை திருத்தந்தைக்கு. மறுகரை பிரெஞ்சு மன்னனுக்கு. வெள்ளமோ இருவரையும் கேட்டு வருவதில்லை. வளைவு விழுந்த இடங்களை மரத்தால் அடைத்தும் பார்த்தனர். 1669இன் பெருவெள்ளத்திற்குப்பின் பாலம் பாலமாக இல்லை.

இங்கே ஒன்று கருதத்தக்கது. அப்பாட்டு ஊர்தோறும் பரவியது 1853இல், அடால்ஃப் ஆதாம் என்னும் இசைவாணர் தம் இசைநாடகமொன்றில் அதனைச் சேர்த்த பிறகே. அப்போது பாலம் முறிந்து இரு நூற்றாண்டுகள் நெருங்கிவிட்டன. 1840இலேயே அரசு அதனை வரலாற்றுச் சின்னமாகக் காக்கத் தொடங்கியிருந்தது. 1995இல் உலக மரபுச் சின்னமாகவும் அறிவிக்கப்பெற்றது. காக்கப்படுவது முறிவுதான். எஞ்சிய பதினெட்டு வளைவுகளையும் புதிதாகக் கட்டி ஒட்டவைக்காமல் விட்டது நன்றே. கட்டியிருந்தால் ஆற்றின் சினம் மறைந்து பாட்டின் பொய்யே மெய்யாகியிருக்கும்.

எஞ்சிய தூணொன்றின்மேல் தூய நிக்கோலாவின் சிறு கோயில் இன்றும் உண்டு. அவர் ரோன் படகோட்டிகளின் காவலர். பாலம் ஓய்ந்தபின் மக்களை அக்கரை சேர்த்தவர்கள் அப்படகோட்டிகளே. வழக்கமாகப் பாடப்பெறும் அடிகளில் சீமான்கள் வருகின்றனர், சீமாட்டிகள் வருகின்றனர், படகோட்டி வருவதில்லை.