புஷ்பக விமானம் சுருங்குமா?

(கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கூட்டத்தில் பேசியதன் சாரம்)



புஷ்பக விமானம் ஆள் ஏற ஏற விரியும், இறங்க இறங்கச் சுருங்கும், எப்போதும் ஓரிடம் காலியாயிருக்கும் என்று காலட்சேபக்காரர்கள் சொல்லுகிறார்கள். கதையென்று சொன்னால் நமக்கு ஆட்சேபணையில்லை. இதுதான் நம் பழைய விஞ்ஞானம் என்கிறார்களே, அங்கேதான் சங்கடம். போடிப் பக்கம் ஒரு சிறுவன், "அதற்கு எண்ணெய் எங்கே ஊற்றினார்கள்?" என்று கேட்டான். தலையில் ஒரு குட்டுத்தான் பதிலாகக் கிடைத்தது. அவனுக்காகவே இன்று பேசுகிறோம்.

பறக்கும் கப்பலைச் சுருக்குவது லேசான காரியமா? ஒரு முழப் பெட்டியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பாதியாக்குங்கள். அதற்கு வேண்டிய தகடு நாலில் ஒரு பங்கு. அது கொள்ளும் சரக்கோ எட்டில் ஒரு பங்குதான்! கல்யாண வீட்டு அண்டாச் சோறு வெகுநேரம் சூடாயிருக்கிறது. குழந்தையின் கிண்ணத்துச் சோறு உடனே ஆறுகிறது. காரணம் இதுவே. சிறியதற்கு உள்ளிருப்பதை நோக்க மேற்பரப்பு அதிகம். அளவு மாறினால் பலமும் பாரமும் ஒரே விகிதத்தில் மாறா என்பதை கலிலியோ 1638-ல் அச்சிட்டார். அப்போது அவர் மதகுருக்களின் தீர்ப்பால் வீட்டுக் காவலில் இருந்தார் என்பதையும் மறக்காதீர்கள்.

ராக்கெட்டுக்கும் இதே கணக்குத்தான். பாதியாக்கினால் எரிபொருள் எட்டில் ஒன்றாகும். தகட்டின் கனத்தைக் குறைக்காவிட்டால் ஓட்டின் பாரம் நாலில் ஒன்றாகவே நிற்கும். தகட்டையும் மெலிதாக்கினால் அப்பளம்போல் நெளியும். எடைக்குக் காற்றின் தடை இரட்டிக்கும். வழிகாட்டும் கருவிகளோ கூடவே பாதியாகி விடுவதில்லை.

இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. 44 மீட்டர் உயரம், 320 டன். சிறிய செயற்கைக்கோள்களுக்காக 34 மீட்டரில், 120 டன்னில் எஸ்.எஸ்.எல்.வி. செய்தார்கள். பெரியதைக் கத்தரித்தல்ல, புதிதாகவே வரைந்து செய்தார்கள். அப்படியும் 2022 ஆகஸ்டு 7-ல் முதல் முயற்சி தோற்றது. இரண்டாம் அடுக்கு கழன்றபோது ஏற்பட்ட அதிர்வில் வேகமறியும் கருவிகள் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தடுமாறின. கருவிகள் கெட்டுவிட்டன என்று கணிப்பொறி தப்பாக முடிவு செய்தது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்றவேண்டியவை, ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்து விழுந்தன. அவர்கள் பரிகாரம் தேடி ஓடவில்லை. தவறு இன்னதென்று உலகறியச் சொல்லி, கழற்றும் முறையையும் கணிப்பொறியின் விதியையும் மாற்றினார்கள். 2023 பிப்ரவரி 10-ல் வெற்றி கண்டார்கள்.

"வைமானிக சாஸ்திரம் இருக்கிறதே!" என்பார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் ஐவர் 1974-லேயே அதைப் பரிசோதித்தார்கள். அது 1904-க்கு முற்பட்டதல்ல, அதிலுள்ள விமானங்கள் பறக்கத்தக்கவையுமல்ல என்று எழுதிவிட்டார்கள்.

தோழர்களே! தோற்றதை ஒப்புக்கொள்ளுகிற ராக்கெட் மேலே போயிற்று. ஒருநாளும் தோற்காத புஷ்பகம் கதையிலேயே நிற்கிறது. உங்கள் பிள்ளை "எண்ணெய் எங்கே?" என்று கேட்டால் குட்டாதீர்கள். ஒரு பெட்டியும் முழக்கோலும் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். நாம் கேட்பது அவ்வளவுதான்.