அமானிதமே விளம்பரம்

(சங்கத்தின் பொன்விழாவை முன்னிட்டு நடந்த சிறுதொழில் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சங்கத்துக்கு ஐம்பது வயது. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. என்னைவிட மூத்த ஒரு சங்கத்தின் மேடையில் என்னைப் பேச வைத்ததற்கு முதலில் நன்றி. நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தவன். சிகாமட்டில் சின்னதாகக் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். "இவ்வளவு சின்னக் கடையை எப்படி விளம்பரப்படுத்துகிறாய் தம்பி, நம் பிள்ளைகளுக்கும் சொல்லேன்" என்று செயலாளர் அண்ணன் கேட்டார். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். பின்னால் சாப்பாடு தயாராகிக்கொண்டிருக்கிறது, மணம் இங்கு வரைக்கும் வருகிறது. அதற்குள் முடித்துவிடுகிறேன்.

அந்த மணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கடைக்கு மணமே விளம்பரம். துணிக்கடையில் துணியைத் தொட்டுப் பார்க்கலாம். நாணய மாற்றுக் கடையில் விலைப் பலகை தொங்குகிறது, நோட்டை நம் கண் முன்னால் எண்ணிக் கொடுக்கிறார்கள். மளிகைக் கடை வைத்திருந்த நம் பெரியவர்கள் தராசை எங்கே வைத்தார்கள்? வாங்குபவரின் கண்ணுக்கு நேராக வைத்தார்கள். "நல்ல சரக்கு இருந்தால் தானாக விற்கும்" என்று அவர்கள் சொன்னது உண்மை. அவர்கள் சரக்கு கண்ணுக்குத் தெரிந்தது.

என் வேலை கண்ணுக்குத் தெரியாது. லேப்டாப்பை வாங்கி உள்ளே கொண்டுபோகிறேன், மூடியைக் கழற்றுகிறேன், வேலை செய்கிறேன், மூடுகிறேன். உள்ளே புதுச் சாமான் போட்டேனா, பழையதைத் துடைத்துப் போட்டேனா, ஒரு திருகாணியை முடுக்கிவிட்டு 200 ரிங்கிட் வாங்கினேனா, வாடிக்கையாளருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறவர் சந்தேகத்தோடுதான் வருவார். அது அவர் குற்றமில்லை. வண்ண நோட்டீஸ் அடித்தோ "மலிவு விலை" என்று பேனர் கட்டியோ அந்தச் சந்தேகத்தைப் போக்க முடியாது. தராசைக் கண்ணுக்கு நேராக வைத்தால்தான் போகும். எங்கள் தொழிலின் தராசு எது என்பதைத்தான் நான்கு விஷயங்களாகச் சொல்லப்போகிறேன்.

முதலாவது, ரசீது

கணினியை வாங்கும்போதே ஒரு தாள் எழுதுகிறேன். மாடல், வரிசை எண், சார்ஜர் சேர்த்துக் கொடுத்தாரா, பை கொடுத்தாரா, ஏற்கெனவே எங்கே கீறல் இருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். பழுது என்ன என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவேன். "திறந்தால் ரொம்ப நேரம் சுத்துது" என்றால் அப்படியே எழுதுவேன். உள்ளே இருக்கும் கோப்புகள் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு அதையும் குறிப்பேன். இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வோம்.

செலவு எவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அதற்கு மேல் ஒரு ரிங்கிட் கூடுவதாக இருந்தாலும் வாட்ஸ்அப்பில் கேட்டு, அவர் "சரி" என்று எழுதிய பிறகுதான் கை வைப்பேன். கழற்றிய பழைய சாமானை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுவேன். குறிப்பாக ஹார்ட் டிஸ்க். அது ரிப்பேர் ஆகிப் போனதாகவே இருக்கட்டும், அவர் வீட்டுப் படங்கள் அதற்குள் இருக்கின்றன. அது கடையில் கிடக்கக் கூடாது.

இந்தத் தாள் என்னையும் காப்பாற்றுகிறது. நம் நாட்டில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இல் வந்தது. அதன் கீழ் உள்ள பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமல், 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரை யாரும் இழப்பீடு கேட்கலாம். வாடிக்கையாளருக்கு இது நல்ல ஏற்பாடு. நேர்மையாக வேலை செய்யும் கடைக்காரருக்கும் பயமில்லை, எழுத்தில் எல்லாம் இருந்தால்.

இரண்டாவது, அமானிதம்

ஒருவர் தம் லேப்டாப்பைக் கொடுக்கும்போது பெட்டியை மட்டுமா கொடுக்கிறார்? மகள் நிக்காஹ் படங்கள், மௌத்தாகிப்போன அத்தாவின் குரல் பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, எல்லாவற்றையும் ஓர் அந்நியன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். நம் மொழியில் அதற்குப் பெயர் அமானிதம்.

2008-இல் ஹாங்காங்கில் நடந்ததைப் பெரியவர்கள் சிலர் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். புகழ்பெற்ற நடிகர் ஒருவர் பழுதுபார்க்கக் கொடுத்த மடிக்கணினியிலிருந்து அந்தரங்கப் படங்கள் வெளியே வந்தன. பல குடும்பங்களின் மானம் போனது. அதை நகலெடுத்த கணினித் தொழில்நுட்பருக்கு 2009-இல் எட்டரை மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. நம் நாட்டிலும் 1997-ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் ஒருவர் கணினிக்குள் நுழைந்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆனால் சட்டம் வருவது தப்பு நடந்த பிறகுதான். அதற்கு முன்னால் என்ன செய்யலாம்? என் கடையில் நான்கு விதிகளை எழுதி ஒட்டியிருக்கிறேன். கடவுச்சொல்லைத் தாளில் வாங்குவதில்லை. முடிந்தவரை அவரையே தட்டச்சு செய்யச் சொல்வேன். வேலை செய்யும் மேசை கண்ணாடிக்குப் பின்னால் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். பழுதுக்குத் தேவையில்லாத எந்தக் கோப்பையும் திறப்பதில்லை. பாதுகாப்புக்காக நகல் எடுத்திருந்தால், கணினியைத் திருப்பிக் கொடுத்து ஏழு நாளில் அழித்துவிடுவேன். இந்த நான்கும் ரசீதின் பின்பக்கத்திலும் அச்சாகியிருக்கின்றன.

என் மனைவி கல்லாவில் இருப்பதால் பெண்கள் கூச்சமில்லாமல் வந்து பேசுகிறார்கள். பக்கத்துத் தாமானில் உள்ள ஆசிரியைகள் ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்புகிறார்கள். "விலை குறைவு" என்று சொல்லி அனுப்புவதில்லை. "அங்கே கொடுத்தால் பயமில்லை" என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

மூன்றாவது, "வேண்டாம்" என்று சொல்வது

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்தியது. அதையொட்டி நிறையப் பேர் கலங்கிப்போய் வந்தார்கள். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், "இது இனிக் குப்பை, புதுசு வாங்குங்க என்று வெளியூர்க் கடை ஒன்றில் சொன்னார்கள் தம்பி, மூவாயிரத்துக்கு நான் எங்கே போவேன்" என்றார்.

உண்மை என்ன? ஆதரவு நின்றால் கணினி நின்றுவிடாது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராது, அவ்வளவுதான். அது சின்ன விஷயமில்லை, வங்கி வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்துதான். ஆனால் குப்பையில் போடும் அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. விண்டோஸ் 11 போட டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலி அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். அவை இருந்தால் ஏற்றிவிடலாம், இயங்குதளத்துக்குக் காசு இல்லை. இல்லாவிட்டால், வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பை நீட்டித்துக்கொள்ளும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்டே வைத்திருக்கிறது. இணையமும் எழுத்து வேலையும் மட்டும் போதும் என்பவருக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கலாம், அது இலவசம்.

அந்தப் பெரியவரின் லேப்டாப் எட்டாம் தலைமுறைதான். அதன் மந்தத்துக்குக் காரணம் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்தேன். புது லேப்டாப் விற்றிருந்தால் எனக்கு அன்றைக்கு லாபம் கூடுதல். ஆனால் அதற்கப்புறம் அவர் லாபிஸில் இருக்கும் தம்பியை அனுப்பினார், பூலோ காசாப்பிலிருந்து சம்பந்தியை அனுப்பினார். எந்தப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தால் இது கிடைக்கும்? பழுதுபார்க்கும் செலவு அந்தக் கணினியின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால், பழுதுபார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுவேன். இரண்டு பக்கமும் "வேண்டாம்" சொல்லத் தெரிந்தவனை ஊர் நம்பும்.

நான்காவது, ஊரைத் தெரிந்துகொள்வது

இணையக் கடைகள் என்னைவிட மலிவாக விற்கும். ஆனால் அவற்றுக்குச் சிகாமட்டைத் தெரியாது. 2006 டிசம்பரில் தொடங்கிய பெருவெள்ளம், 2011 ஜனவரி, 2023 மார்ச். இந்தத் தேதிகளை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆற்றங்கரை வீடுகளில் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரைக் காட்டிச் சொல்வீர்கள்.

அதனால் மழைக்காலம் தொடங்குமுன் என் வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் நான்கு வரி அனுப்புகிறேன். கணினிப் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். முக்கியப் படங்களுக்கு மூன்று நகல் வையுங்கள், இரண்டு வகைச் சாதனத்தில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். இடி இடித்தால் மோடத்தின் மின்கம்பியையும் கழற்றுங்கள். நனைந்த கணினியை "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்காதீர்கள். தண்ணீரால் கெட்டதைவிட ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்து கெட்டதுதான் அதிகம். அந்தச் செய்தியில் விலைப்பட்டியல் இருக்காது. கடைப் பெயர் அடியில் இருக்கும், அது போதும். ஆட்கள் அதைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இலவசக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.-இல் பதிவு செய்யுங்கள். வணிகப் பெயருக்கு ஆண்டுக்கு 60 ரிங்கிட்தான். கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கக் காசு இல்லை. ஆனால் நேரத்தைச் சரியாக வையுங்கள். 2025 ஜனவரி முதல் நம் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி-சனியிலிருந்து சனி-ஞாயிறுக்கு மாறியதே, அப்போது பல கடைகள் மேப்பில் நேரத்தை மாற்றவில்லை; மூடிய கதவைப் பார்த்துத் திரும்பிய வாடிக்கையாளர் மறுபடி வரமாட்டார். ஜும்ஆவுக்கு மூடுகிற நேரத்தையும் போடுங்கள். நண்பர்களைக் கூப்பிட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது எந்த இடத்திலும் பொய்ச்சாட்சிதான், அது கைப்பேசியில் இருந்தாலும்.

கடைசியாக, பெரியவர்களிடம் ஒரு கோரிக்கை. கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன், மன்னிக்க வேண்டும்.

நம் ஆள் கடை என்றால் "சும்மா பார்த்துக் கொடேன்" என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அன்பில்தான் கேட்கிறீர்கள். ஆனால் நம் பிள்ளைகள் ஏன் சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் போகிறார்கள் என்று கவலைப்படுகிறோம். இங்கே கை வேலைக்குக் கூலி கிடைக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் அவர்கள் முடிவெடுக்கிறார்கள். நம் பிள்ளையிடம் முழுக் கூலி கொடுங்கள், கொடுத்துவிட்டு ரசீது கேளுங்கள். கூலி கொடுத்தால் அவன் கடை நிற்கும், ரசீது கேட்டால் அவன் நாணயமும் நிற்கும். இல்லாதவர்களுக்கு இலவசமாகச் செய்ய வேண்டியதை நாங்கள் தனியாக, யாருக்கும் தெரியாமல் செய்துகொள்கிறோம்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. வீடுகளில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்புகளைச் சேகரிப்போம். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது, ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துப் பாடம் படித்த வீடுகள் நமக்குத் தெரியும். மாதம் ஒரு சனிக்கிழமை இந்த மண்டபத்தில் நான் உட்காருகிறேன். படிவம் மூன்று முடித்த பிள்ளைகள் வரட்டும். திருகாணி கழற்றுவதிலிருந்து சொல்லித் தருகிறேன். உள்ளே இருப்பதை உரிமையாளர் முன்னிலையில் அழித்துவிட்டு, சரி செய்து, தேவைப்படும் மாணவருக்குக் கொடுப்போம். சரி செய்ய முடியாததைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. மின்னணுக் கழிவு நம் சட்டத்தில் அட்டவணைப்படுத்திய கழிவு. உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைப்போம்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் நாளைக்கு எனக்கு எதிர்க் கடை போட்டாலும் எனக்குச் சம்மதம். இந்த ஊரில் போட்டால் சரி.

வல்ல இறைவன் நம் தொழில்களில் பரக்கத் செய்வானாக. பிறர் நம்மிடம் ஒப்படைத்ததைக் காக்கும் தன்மையை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.