நம் மாநிலத்து மலையைப் பார்த்திருக்கிறீர்களா?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



போன வாரம் ஒரு மாணவியிடம், "ஆறு என்றதும் உனக்கு என்னம்மா ஞாபகம் வருது?" என்று கேட்டேன். "நாத்தம் சார்" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டி, நம் வட்டாரத்தில் 111 பள்ளிகளை மூடினார்களே, அப்போது அவள் பாலர் பள்ளிப் பிள்ளை. வேறு ஆற்றை அவள் பார்த்ததில்லை.

அவளுக்காகத்தான் இன்று எண்டாவ் ரொம்பின் மலைக்காட்டைப் பற்றிப் பேசுகிறேன். வெளிநாடு இல்லீங்க, நம்ம ஜொகூர்தான். குளுவாங் தாண்டி மெர்சிங் சாலையில் காஹாங். அங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் மண்சாலை. பாதி வழி செம்பனைத் தோட்டம். இடுப்பு கழன்றுவிடும்! பிறகு கம்போங் பெத்தா வரும். ஜக்கூன் பூர்வகுடி மக்களின் ஊர். அவர்கள்தான் வழிகாட்டிகள்.

ஜாசின் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினேன். என் கால்விரல் எனக்குத் தெரிந்தது! உப்பே குலிங் அருவியில் பாறையெல்லாம் குழி குழியாக, ஆள் உட்கார்ந்து குளிக்கிற தொட்டி மாதிரி இருக்கிறது. யாரும் வெட்டியதல்ல. சுழலில் மாட்டிய கற்கள், ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல, காலங்காலமாய்ச் சுற்றி அரைத்த குழிகள். மேலே ஜானிங் மலையில் விசிறிப் பனைக் கூட்டம். அறிவியலார் அதற்கு எண்டாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மிருகங்களைப் பார்த்தேனா என்று பிள்ளைகள் கேட்பீர்கள். யானைச் சாணம் பார்த்தேன். விடியற்காலையில் கிப்பன் குரங்குகள் கூவுவதைக் கேட்டேன். இருவாச்சி தலைக்கு மேல் பறந்தால் இறக்கைச் சத்தம் ரயில் வண்டி மூச்சுவிடுவதுபோல் இருக்கும். அவ்வளவுதான். காடு மிருகக்காட்சி சாலை அல்லவே.

ஆனால் ஒன்றை இனி யாருமே அங்கே பார்க்க முடியாது. சுமத்ரா காண்டாமிருகம் ஒரு காலத்தில் இந்தக் காட்டில் இருந்தது. மலேசியாவின் கடைசி காண்டாமிருகமான இமான், 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. நான் சிறுவனாக இருந்தபோது உயிரோடு இருந்த இனம்; என் பேரனுக்குப் படம் மட்டும்தான்.

அடுத்தது புலி. தீபகற்பக் காடுகளில் 150-க்கும் குறைவு என்று 2022-இல் கணக்குச் சொன்னார்கள். தோட்டத்து அண்ணன்மார்களே, இதை உங்களிடம் நேராகச் சொல்கிறேன். பன்றிக்கு வைக்கிற கம்பிக் கண்ணிக்குப் பன்றிக் கால், புலிக் கால் என்று பேதம் தெரியாது. என் அப்பாவும் கண்ணி வைத்தவர்தான். நானும் கூடப் போய்க் கறி தின்றவன். அதனால்தான் சொல்ல வாய் வருகிறது.

இந்தக் காடும் சும்மா தப்பவில்லை. 1977-இல் பகாங் பக்கம் மரம் வெட்ட அனுமதி கொடுத்தார்கள். நாட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்து வெட்டு நின்றது. 1985-86-இல் மலாயா இயற்கைக் கழகம் பெரிய ஆய்வுப் பயணம் நடத்தியது. 1993-இல் ஜொகூர் பகுதி தேசியப் பூங்காவானது.

பெற்றோர்களே, சிங்கப்பூருக்குக் கூட்டிப் போகிற செலவில் ஒரு தடவை இங்கே கூட்டிப் போங்கள். ஆண்டுக் கடைசி மழைக்காலத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள், கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். நீளமான காலுறை அவசியம். அட்டை எக்கச்சக்கம்!